தேநீர்க் கோப்பை: வடிவமும் வழக்கமும்

வீட்டிற்கு விருந்தினர் ஒருவர் வருகிறார். "வாங்க, உட்காருங்க" என்று வரவேற்றபின் இல்லத்தரசி செய்யும் முதல் வேலை, அடுப்பில் தண்ணீர் வைப்பது. இரண்டாவது வேலை, அலமாரியைத் திறந்து கோப்பையைத் தேர்ந்தெடுப்பது. அன்றாடம் புழங்கும் குவளை ஒரு தட்டிலும், விருந்தினர்க்கெனப் பேணி வைத்த பீங்கான் கோப்பை வேறொரு தட்டிலும் இருக்கும். எதை எடுத்து யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு நொடியில் முடிவு செய்துவிடுகிறோம்.

அந்தக் கோப்பையை மீண்டும் ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தால் இரண்டு கேள்விகள் எழும். இஃது ஏன் இந்த வடிவில் அமைந்தது? இஃது எவ்வாறு, யாருக்கு வழங்கப்படுகிறது? முதற்கேள்வி கைத்தொழிலைப் பற்றியது. இரண்டாவது மனிதப் பண்பைப் பற்றியது. நம் நாட்டில் சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூவர் இல்லங்களிலும் தேநீர் உண்டு. ஆதலின் இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

பெயர் தரும் செய்தி

ஹொக்கியன் மக்களின் பேச்சுமொழியில் தேயிலைக்குத் 'தே' என்பது பெயர். கடல்வழி வாணிகத்தோடு அச்சொல்லும் பயணம் செய்தது. மலாய் மொழியில் வழங்கும் 'தே', நாம் கூறும் தேயிலை, தேநீர் ஆகிய யாவும் அவ்வழி வந்தவையே. சீனத்தின் பிற பகுதிகளில் அதன் பெயர் 'சா'. அது நிலவழியே பாரசீகம் சென்று, வட இந்தியாவில் 'சாய்' ஆயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் 'சாயா' ஆயிற்று. தோட்டத்து முதியவர்கள் 'தேத்தண்ணி' என்றபோது, அறியாமலேயே ஒரு சீனச் சொல்லையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் இணைத்துப் பேசினர்.

கலன்களின் பெயர்களும் அவ்வாறே. மலாய் மொழியில் கோப்பையைக் குறிக்கும் 'சாவான்', தேநீர்க் கிண்ணம் என்னும் பொருளுடைய சீனச் சொல்லினின்று வந்தது. தேநீர் ஊற்றும் 'தேகோ' ஹொக்கியன் சொல்லாகும். மூக்குடைய நீர்க்கலத்தை நாம் கெண்டி என்போம். மலாய்க்காரரும் அதனைக் கெண்டி என்றே அழைப்பர். மூன்று இனத்தாரின் சமையலறைகளும் நெடுங்காலமாகச் சொற்களைக் கொடுத்தும் வாங்கியும் வந்துள்ளன.

கிண்ணத்திலிருந்து கெண்டிக்கு

தேநீரின் தாயகம் சீனம். தாங் அரச மரபின் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், லூ யூ என்னும் அறிஞர் தேநீரைப் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். தேநீர் தயாரிக்கத் தேவையான கருவிகளை விளக்க அதில் ஒரு முழு இயலையே அவர் ஒதுக்கினார். அக்காலத்தில் தேயிலையை இடித்து அழுத்தி வில்லைகளாகச் செய்வர். பின்னர் அதனைப் பொடித்துக் கொதிநீரிலிட்டுச் சிறிது உப்பும் சேர்ப்பர். அதனைப் பருக அகன்ற கிண்ணமே ஏற்றதாயிருந்தது. பசுமை கலந்த மெருகுடைய யூவே நாட்டுக் கிண்ணங்களையே லூ யூ சிறந்தவை என்றார். அவற்றில் ஊற்றிய தேநீர் கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றியதே அதற்குக் காரணம்.

மெருகு என்பது யாது? பால்மரத்தில் கட்டிய மங்கினை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். சுடுமண்ணின் மேல் கண்ணாடி போன்றதொரு பூச்சைப் பூசிச் சூளையில் சுடுவர். அப்பூச்சு மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதனால் மங்கில் உறைந்த பால் ஒட்டாமல் உரிந்து வரும். தேநீர்க் கிண்ணத்திலும் அதே முறையால் கறை ஊறாமல் நிற்கும்.

சோங் அரச மரபின் காலத்தில் வழக்கம் மாறியது. தேயிலைப் பொடியைக் கிண்ணத்திலேயே இட்டு வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தினால் நுரை எழும்வரை கடைந்தனர். வெண்ணுரையே அன்று தேநீரின் சிறப்பு. வெண்மை எடுப்பாகத் தெரிய வேண்டுமாயின் கிண்ணம் கருமையாக இருக்கவேண்டும். கடையும் நேரத்தில் சூடு ஆறாதிருக்கச் சுவரும் தடித்திருக்கவேண்டும். ஃபூஜியன் வட்டாரத்தில் செய்யப்பட்ட கரிய கிண்ணங்கள் அதனாலேயே புகழ்பெற்றன.

1391-ஆம் ஆண்டில் மிங் மரபின் முதற் பேரரசரான ஹோங்வூ, அழுத்திய தேயிலை வில்லைகளைத் திறையாகச் செலுத்தும் முறையை நிறுத்தி, உதிரித் தேயிலையே போதும் என ஆணையிட்டார். வில்லை செய்வதற்கு வேண்டிய கடும் உழைப்பு அதனால் குறைந்தது. இலையை அப்படியே வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவியது. ஊறவைக்க ஒரு கலனும், இலை வெளிவராமல் நீரை மட்டும் வடிக்க ஒரு மூக்கும் தேவைப்பட்டன. தேநீர்க் கெண்டி இவ்வாறே முதன்மை பெற்றது.

கெண்டிகளுள் ஜியாங்சூ மாநிலத்து யீசிங் நகரின் செந்நீல மண் கெண்டிகள் பெயர் பெற்றவை. இவற்றுக்கு மெருகு பூசுவதில்லை. நுண்துளைகள் திறந்தே இருப்பதால் தேநீரின் மணம் நாளடைவில் மண்ணில் ஊறிவிடும். ஆகவே ஒரு கெண்டியில் ஒரே வகைத் தேயிலையையே இடுவர். சவர்க்காரம் கொண்டு கழுவாமல் வெந்நீரால் மட்டும் அலசுவர்.

கைப்பிடி இல்லாத கோப்பை

சீன நண்பர் வீட்டில் தேநீர் அருந்தியோர், கோப்பைக்குக் கைப்பிடி இல்லாததைக் கண்டிருப்பர். அது குறையன்று. மெல்லிய பீங்கானைத் தொட்டு எடுக்க முடியவில்லையாயின் உள்ளிருக்கும் தேநீரும் பருகத் தக்க அளவுக்கு ஆறவில்லை என்று பொருள். கோப்பையே சூடு அறிவிக்கும் கருவியாகிறது.

'காய்வான்' என்பது மற்றொரு கலன். கிண்ணம், மூடி, அடித்தட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. இலையைக் கிண்ணத்திலேயே ஊறவிட்டு, மூடியைச் சற்றே சாய்த்து இலைகளைத் தடுத்துக்கொண்டு பருகுவர். அடித்தட்டு கையைச் சூட்டிலிருந்து காக்கும்.

தியோச்சு, ஹொக்கியன் மக்களிடையே சிறிய கெண்டியும் மிகச் சிறிய கோப்பைகளும் கொண்டு அருந்தும் முறை உண்டு. அதற்குக் 'குங்பூ' தேநீர் என்று பெயர். குங்பூ என்றதும் நமக்குச் சண்டைப் பயிற்சியே நினைவுக்கு வரும். உழைத்துப் பெற்ற திறமை என்பதே அச்சொல்லின் பொருள். கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக மாறி மாறி ஊற்றுவர். முதலில் ஊற்றுவது மெலிதாகவும் இறுதியில் ஊற்றுவது கடுமையாகவும் இருக்குமாதலால், எல்லார்க்கும் ஒரே சுவை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே இம்முறை. தேநீர் பெறுபவர் விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவாராயின் அது நன்றி கூறும் குறிப்பாகும்.

திருமணத்தில் தேநீர்

சீனர் திருமணத்தில் தேநீர் வழங்கும் சடங்கு முதன்மையானது. மணமக்கள் மண்டியிட்டோ வணங்கியோ, பெற்றோர் முதலாகக் குடும்பத்து மூத்தோர் ஒவ்வொருவர்க்கும் வயதும் உறவும் பார்த்து வரிசை தவறாமல் தேநீர் வழங்குவர். கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி, அவரவர் உறவுப் பெயரைச் சொல்லி அழைத்துக் கொடுக்கவேண்டும். இனிப்பான அத்தேநீரில் செம்பேரீச்சையும் தாமரை விதையும் இடுவதுண்டு. கோப்பைகள் பெரும்பாலும் செந்நிறம் கொண்டு, இரட்டை மகிழ்ச்சியைக் குறிக்கும் எழுத்தைத் தாங்கியிருக்கும். மூத்தோர் பருகியபின் 'அங்பாவ்' எனப்படும் சிவப்பு உறையோ நகையோ அளித்து வாழ்த்துவர்.

மூத்தோர் அக்கோப்பையை வாங்கிப் பருகுவது, புதிதாக வந்தவரைத் தம் குடும்பத்தாராக ஏற்றுக்கொள்வதற்கு அடையாளம். மறுத்தால் அந்த உறவையே மறுத்ததாகும். ஒரு மிடறு தேநீருக்கு அவ்வளவு பொருள் உண்டு.

மேற்கே சென்று திரும்பிய கோப்பை

17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் தேயிலையை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். அதனோடு சீனப் பீங்கான் கிண்ணங்களும் சென்றன. பீங்கான் செய்யும் மறைபொருள் அப்போது ஐரோப்பியர்க்குத் தெரியாது. ஜெர்மனியின் மைசன் நகரில் 1710-ஆம் ஆண்டில்தான் அங்கு முதற் பீங்கான் ஆலை நிறுவப்பட்டது. கொதிக்கக் கொதிக்கப் பால் கலந்து பருகும் ஐரோப்பியர், 18-ஆம் நூற்றாண்டில் கிண்ணத்திற்குக் கைப்பிடியைப் பொருத்தினர். அடித்தட்டில் தேநீரை ஊற்றி ஆற்றிக் குடிக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அகன்ற பரப்பில் காற்றுப் படுவதால் நீர் விரைவில் ஆறும்.

அந்தக் கைப்பிடிக் கோப்பை மீண்டும் கிழக்கே வந்து நம் நாட்டுக் கோப்பிக் கடைகளில் குடியேறியது. பச்சைப் பூக்கள் பொறித்த தடித்த வெள்ளைக் கோப்பையை அறியாதார் யார்? அதன் தடிப்புக்குக் காரணம் உண்டு. கடையில் நாள்தோறும் பலமுறை கழுவினாலும் எளிதில் உடையாது. வெந்நீரில் இட்டு எடுத்தால் நெடுநேரம் சூடு தாங்கும். சீனத்தில் பிறந்து, ஐரோப்பாவில் கைப்பிடி பெற்று, இங்கு வந்து தடித்த கோப்பை அது.

மலாய் அன்பர் இல்லத்தில்

மலாய்க்காரர் இல்லங்களில் தேநீரைத் தேகோவில் நிறைத்து, சாவானும் 'பீரிங்' எனும் சிறு தட்டும் சேர்த்து, 'டூலாங்' எனப்படும் தாம்பாளத்தில் ஏந்தி வருவர். கோப்பையை வலக்கையால் கொடுத்து, இடக்கையால் வலக்கை மணிக்கட்டையோ முழங்கையையோ தொட்டுக்கொள்வது பணிவின் அடையாளம். முதியோர் முன் கடந்து செல்ல நேர்ந்தால் உடலைச் சற்றே தாழ்த்திச் செல்வர்.

வீட்டார் 'ஜெம்புட் மினும்', அதாவது 'அருந்துங்கள்' என்று அழைத்தபின் பருகுவதே நன்று. வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு மிடறாவது பருகவேண்டும். அதுவும் இயலாவிடின் கலத்தை விரலால் தொட்டேனும் ஏற்றதாகக் காட்டுவது பழைய வழக்கம். அளித்ததைப் புறக்கணித்துச் சென்றால் தீங்கு நேரும் என்னும் நம்பிக்கையைக் 'கெம்புனான்' என்பர். கொடுப்பவர் மனம் நோகாமல் காப்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

தமிழர் கையில்

தமிழர் இல்லங்களில் பித்தளைத் தம்ளரும் டபராவும் காப்பிக்கெனப் பெயர் பெற்றவை. தேநீரும் அவற்றிலேயே ஆற்றப்பட்டது. தம்ளரின் விளிம்பு வெளியே வளைந்திருப்பது அழகுக்கு மட்டுமன்று. உடல் முழுவதும் சுட்டாலும் விளிம்பைப் பற்றி எடுக்கலாம். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போது நீர் சிதறாமல் விழும். டபராவுக்கும் தம்ளருக்கும் மாறி மாறி ஊற்றினால் சூடு தணியும், நுரையும் எழும்.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் உண்டு. புளிப்புப் பொருள் பட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கவே உட்புறத்தில் ஈயம் பூசினர். கலனைச் சூடாக்கி, நவச்சாரம் தூவித் துடைத்து, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சினால் மெல்லப் பரப்புவர். காரீயம் நஞ்சாதலால் அதனைக் கலக்கலாகாது. துருவேறாத எவர்சில்வர் பரவியபின் அத்தொழில் பெரிதும் அருகிவிட்டது.

தோட்டங்களிலோ எனாமல் குவளையே நெடுங்காலம் ஆட்சி செய்தது. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் உருக்கிப் பதித்தது அது. கீழே விழுந்தாலும் உடையாது. வெளிக்காட்டிற்கு எடுத்துச் செல்ல ஏற்றது. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படுவோர் அதில் வரக்காப்பியோ தேத்தண்ணியோ அருந்திச் சென்றனர். எனாமல் குவளையும் கிடைக்காத வீடுகளில் பால் டின்னே குவளையாயிற்று. கடைகளிலும் பிளாஸ்டிக் பை வருமுன் பால் டின்னில் கயிறு கட்டித் தேநீரை ஊற்றிக் கொடுத்தனர்.

பேணும் முறை

பழைய கலன்களை வைத்திருப்போர் சில குறிப்புகளை அறிந்திருத்தல் நலம்.

1. எனாமல் பூச்சு உட்புறம் பெயர்ந்திருந்தால் அதில் பருக வேண்டா. உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். பூச்சுத் துணுக்கும் வயிற்றுள் செல்லும்.

2. ஈயப்பூச்சுத் தேய்ந்த பித்தளை, செம்புக் கலன்களைக் காட்சிப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்க.

3. மிகப் பழைய வண்ணப் பீங்கானின் மெருகில் காரீயம் கலந்திருக்கக்கூடும். உட்புறத்தில் ஓவியம் உள்ளவற்றையும் வெடிப்பு விழுந்தவற்றையும் அன்றாடம் பயன்படுத்தாதிருப்பதே பாதுகாப்பு.

4. தேநீர்க் கறை படிந்த பீங்கானைச் சோடா உப்பை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்தால் கறை நீங்கும். சொரசொரப்பான நார் மெருகைக் கெடுக்கும்.

5. கண்ணாடிக் குவளையில் கொதிநீரை ஊற்றுமுன் சிறிது வெந்நீரால் அலசிக்கொண்டால் திடீரென வெடிக்காது.

பிரித்த கோப்பை

இதுவரை கண்ட கலன்கள் மனிதரை மனிதரோடு இணைத்தவை. பிரித்த கலன்களும் உண்டு. அதையும் மறைக்காமல் கூறுவதே முறை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோர்க்குக் கண்ணாடிக் குவளை; ஒடுக்கப்பட்டோர்க்குச் சிரட்டை அல்லது தனியே மாட்டி வைத்த தகரக் குவளை. அதைக் குடித்தவரே கழுவி வைக்கவேண்டும். இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-ஆம் ஆண்டிலேயே தீண்டாமையை ஒழித்தது. 1955-இலும் 1989-இலும் அதனைத் தண்டிக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவ்வாறிருந்தும் இந்த நூற்றாண்டிலும் சில ஊர்களில் அக்கொடுமை எஞ்சியிருந்ததைக் கள ஆய்வுகள் வெளிப்படுத்தின.

கடல் கடந்து வந்த நம் முன்னோரிற் சிலர் அந்த வேற்றுமையையும் தம் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தனர். ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள், ஒருவர் வீட்டு நீரை மற்றவர் பருகத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈ.வெ.ரா. சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பல ஊர்களில் உரையாற்றினார். சீர்திருத்த உணர்வும் கல்வியும் பரவப் பரவ அவ்வழக்கம் தளர்ந்தது.

முற்றும் ஒழிந்துவிட்டதா என்பதை அவரவர் அலமாரியே கூறவேண்டும். கூரையைச் செப்பனிட வந்த தொழிலாளிக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்கும், அயல்நாட்டிலிருந்து வந்து உழைக்கும் இளைஞனுக்கும் என்று மூலையில் ஒரு பழங்குவளையை ஒதுக்கி வைத்திருக்கிறோமா? எல்லாக் கோப்பைகளையும் கொதிநீரில் கழுவுவது தூய்மை. ஆளைப் பார்த்துக் கோப்பையை மாற்றுவது தூய்மையாகாது. முஸ்லிம் அன்பர் வரும்போது அவர்தம் சமய நெறிக்கேற்பப் புதிய கலன்களைத் தனியே வைத்து வழங்குவது வேறு. அஃது அவர் மனமறிந்து செய்யும் மரியாதை. தனிக் கோப்பை மதிப்பையும் காட்டலாம், அவமதிப்பையும் காட்டலாம். எதைக் காட்டுகிறது என்பது கொடுப்பவர் நெஞ்சுக்கும் பெறுபவர் நெஞ்சுக்கும் நன்கு தெரியும்.

எல்லார்க்கும் ஒரே குவளை

இன்று நம் நாட்டின் எந்தப் பட்டணத்திலும் 'தே தாரிக்' கிடைக்கும். கைப்பிடியுள்ள இரண்டு உலோகக் குவளைகளைக் கொண்டு, ஒரு கை மேலும் மறு கை கீழுமாக இழுத்து இழுத்து ஆற்றுவர். நம் டபராவும் தம்ளரும் செய்த அதே வேலைதான். சீனத்துத் தேயிலைப் பழக்கமும் இந்தியரின் ஆற்றும் திறனும் மலாய்ப் பெயரும் அக்குவளையில் ஒன்றாகக் கலந்துள்ளன. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளர்களுள் தமிழரும் பெரும்பங்கினர் என்பதையும் இங்கு நினைவு கூர்தல் தகும். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், பல இன மக்கள் கூடியுண்ணும் மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய் ஆகியவற்றோடு தே தாரிக்கும் அதில் இடம் பெற்றது.

அக்கடையில் யார் வந்து அமர்ந்தாலும் ஒரே வகைக் கண்ணாடிக் குவளைதான் மேசைக்கு வரும். அதைக் குடித்தவர் யார் என்று கேட்டுக் கழுவுவார் எவருமில்லை. கடைவீதி கற்றுக்கொண்ட அப்பாடத்தை வீடும் கற்றுக்கொண்டால் போதும்.

அடுத்த முறை உங்கள் வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது, அலமாரியைத் திறக்கும் அந்த ஒரு நொடியை நினைவிற் கொள்ளுங்கள். விலையுயர்ந்த பீங்கான் வேண்டுவதில்லை. நீங்கள் பருகும் அதே குவளை, நன்கு கழுவியது, இரு கைகளாலும் ஏந்தியது, அவருக்கும் கிடைக்கட்டும். விருந்தோம்பலுக்கு அதனினும் சிறந்த கலன் வேறில்லை.